தாத்தா சீக்கோவுக்குப் புது டயல் அடிக்கலாமா? பழுத்த டயல், அழுகின டயல், மூட்டம் போட்ட டயல்

ஜூன் 3, இரவு 9:12 | பொதிகைக்காத்து

வீட்டுல ஒரு சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை ஆட்டத்துல தானே சாவி ஏறுறது) இருக்கு. பின்மூடியில 6119னு ஆரம்பிக்கிற நம்பர், 21 ஜுவல் (உள்ள உராய்வைக் குறைக்கிற கல்). வெள்ளியா இருந்த டயல் இப்போ பழைய தந்தம் மாதிரி மஞ்சளாயிட்டு. நாலு மணிப் பக்கம் மூணு கரும்புள்ளி. ஓடுது, நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துது. கடையில காட்டினா "டயல் போயிட்டு, 600 ரூவா குடுங்க, புதுசு மாதிரி அடிச்சுத் தாரேன்"ங்காங்க. அடிச்சிரலாமா? வெவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

ஜூன் 3, இரவு 9:40 | ரதவீதி

அடிக்காதீங்க தம்பி. மொதல்ல வாட்சைக் கையில வாங்கிட்டு வந்துருங்க.

ஜூன் 3, இரவு 10:55 | ரதவீதி

காரணத்தையும் சொல்லிருதேன். டயல்ங்கிறது ஒத்தைத் தகடு இல்லை. அடியில பித்தளை. அது மேல வெள்ளி முலாம். முலாத்துல நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் முடி மாதிரி நுணுக்கமா தீட்டின கோடு. வாட்சைச் சாய்ச்சா வெளிச்சம் விசிறி மாதிரி சுத்தி வருதே, அது இந்தக் கோட்டாலதான். அதுக்கு மேல நிறமில்லாத வார்னிஷ். எழுத்து வார்னிஷுக்கு மேல உக்காந்திருக்கும்.

உங்க டயல்ல மஞ்சளானது அனேகமா அந்த வார்னிஷ். மஞ்சளை எடுக்கணும்னு துடைச்சா மேல இருக்க எழுத்துதான் மொதல்ல வரும். அதனால கடையில யாரும் சுத்தம் பண்ணித் தரதில்லை. மொத்தத்தையும் உரசி எடுத்துட்டு, பெயின்ட் அடிச்சு, எழுத்தை மறுபடி அச்சுப் போடுதாங்க. உரசும்போதே விசிறிக் கோடு போயிரும். அதை இந்த மாதிரி கடையில திரும்பப் போட்டுத் தர மாட்டாங்க. 600 ரூவா குடுத்து வாட்சோட முகத்தை அழிச்ச கணக்குதான்.

ஜூன் 4, காலை 6:30 | ரதவீதி

பழைய டயலைப் பாக்கும்போது மூணு ரகமாப் பிரிச்சுக்கிடணும்.

பழுத்தது: நிறம் மட்டும் மாறியிருக்கும், தோல் முழுசா இருக்கும். 10 மடங்கு லென்ஸ்ல பாத்தா எழுத்து ஓரம் கத்தி மாதிரி நிக்கும். வெள்ளி டயல் தந்தமாகுறது, கறுப்பு டயல் கருப்பட்டி நிறத்துக்கு வாறது எல்லாம் இதுல சேரும். கறுப்பு பழுப்பானதுக்கு வெளிநாட்டுல கூடுதல் விலை குடுத்து வாங்குதாங்க. வெயில்ல சாயம் வெளுத்து வாற நிறம் அது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு அமையாது.

அழுகினது: வார்னிஷ் கொப்புளிச்சிருக்கும், செதில் செதிலா உரியும், பித்தளை பச்சைக் களிம்பு கக்கும். ஈரம் உள்ள போய் வந்த கேடு இது. பழுத்ததைப் பாதுகாக்கணும். அழுகல் இருந்தா பரவ விடாம நிறுத்தணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மூட்டம் போட்டது: வாழைத்தாரை மூட்டம் போட்டு ஒரே ராத்திரியில மஞ்சளாக்குற மாதிரி, டயலைக் கழட்டி அடுப்புச் சூட்டுலயோ புற ஊதா விளக்குலயோ வச்சு வயசாக்குறது. விலையேத்துற வேலை. இதைக் கண்டுபிடிக்கிற வழியைத் தனியா எழுதுதேன்.

உங்களுது மொதல் ரகம், நாலு மணிப் பக்கம் மட்டும் ரெண்டாவது ரகம் தொடங்கியிருக்கு. ஏன் குறிப்பா நாலு மணி? சீக்கோ 5ல கிரௌன் (பக்கத்துல இருக்க திருகுக் குமிழ்) நாலு மணியில ஒதுங்கி இருக்கும். கையால சாவி குடுக்க வேண்டிய அவசியம் இல்லைங்கிறதால அதை அங்க கொண்டு போனாங்க. ஈரம் உள்ள போற வாசலும் அதுதான். கிரௌன் வாஷர் செத்திருக்கு. டயலைத் தொட வேண்டாம், வாஷரை மாத்துங்க.

ஜூன் 4, இரவு 8:05 | பொதிகைக்காத்து

அண்ணாச்சி, ஏற்கெனவே யாரும் டயல் அடிச்சிருந்தா எப்படித் தெரியும்? வருஷம் என்னன்னு பாக்க முடியுமா?

ஜூன் 4, இரவு 9:30 | ரதவீதி

வருஷம் லேசு. பின்மூடியில இருக்க சீரியல் நம்பர்ல மொத இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது இலக்கம் மாசம். 1 முதல் 9 வரை ஜனவரியில இருந்து செப்டம்பர், அக்டோபருக்குச் சுழி, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 07னு தொடங்கினா ஜூலை 1970. பத்து வருஷக் குழப்பம் வராதான்னு கேப்பீங்க. 6119 எழுபதுகளோட நடுவுலயே நின்னு போன எந்திரம், அதனால 1980 ஆக முடியாது. இன்னொரு சாட்சி, பின்மூடியில தண்ணி பத்தின வார்த்தை: 'புரூஃப்'னு இருந்தா பழசு, 'ரெசிஸ்ட்'னு இருந்தா அதுக்குப் பின்னால வந்தது. மாறினது 1970ஐ ஒட்டி.

டயலுக்கு: ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி ஓரத்துல, கண்ணுக்கே தெரியாத சைஸ்ல 'ஜப்பான்', அதுக்கடுத்து ஒரு நம்பர் ஓடும். லென்ஸ் வச்சுப் பாருங்க. 6119னு தொடங்கி இன்னொரு நாலு இலக்கம் இருக்கணும். டயல் அடிக்கிறவங்க இந்தச் சின்ன எழுத்தை விட்டுருவாங்க, இல்லைன்னா எறும்பு ஊர்ந்த மாதிரி கலங்கி இருக்கும். பின்மூடி நம்பரும் டயல் நம்பரும் ஒண்ணா இருக்கணும்.

ஜூன் 5, பகல் 1:20 | கொக்கிரகுளம்

ரதவீதி அண்ணாச்சி சொன்னதுல ஒரு திருத்தம். நான் வாட்ச் ரிப்பேர் மேசையில உக்காந்து வேலை பாக்கிறவன். முன்னால இருக்க நாலு இலக்கம், அதாவது எந்திர நம்பர், மூடியிலயும் டயல்லயும் ஒத்துப் போகணும், சரி. பின்னால இருக்க நாலு இலக்கம் கம்பெனியில இருந்து வரும்போதே வேற வேறதான். கேஸ் மாடலுக்கு ஒரு நம்பர், டயலுக்கு ஒரு நம்பர். ஒரே கேஸுக்குப் பல டயல் போட்டாங்க. இதைத் தெரியாம நல்ல வாட்சைக் கள்ள வாட்ச்னு தள்ளிட்டுப் போறவங்க நிறைய.

முன்னாலயே டயல் அடிச்சதான்னு பாக்க இன்னும் சில அடையாளம்:

எழுத்தோட தடிமன். கம்பெனி அச்சுல எழுத்து மையால லேசா மேடு கட்டி நிக்கும், ஓரம் நேரா இருக்கும். கையடி அச்சுல மை கசிஞ்சு ஓரம் பூத்திருக்கும்.

நிமிஷக் கோடு. 12, 3, 6, 9ல நிக்கிற உலோகக் கட்டையோட நடுவும் அச்சுக் கோடும் ஒரே நேர்ல வரணும். திரும்ப அடிச்சதுல ஒரு பக்கம் அரைக் கோடு தள்ளி நிக்கும்.

தேதி ஜன்னல் ஓரம். பெயின்ட் அங்க திரண்டு உருண்டிருக்கும். கம்பெனி டயல்ல ஜன்னல் ஓரம் சிற்பி வெட்டினது மாதிரி கூரா இருக்கும்.

டயலுக்குப் பின்னால ரெண்டு சின்னக் கால் இருக்கு, அதாலதான் எந்திரத்துல நிக்கும். கால் உடைஞ்சு, ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்பால ஒட்டியிருந்தா அந்த டயல் வேற வாட்சுல இருந்து வந்தது, இல்லைன்னா முரட்டுக் கையில மாட்டினது.

ஜூன் 5, இரவு 10:10 | ரதவீதி

நம்பர் விஷயத்துல கொக்கிரகுளம் தம்பி சொன்னதுதான் சரி. நான் அவசரத்துல எழுதிட்டேன். முன் நாலு மட்டும் ஒத்துப் போனாப் போதும்.

ஜூன் 6, காலை 11:45 | காயல்_அலை

நம்ம ஊர் பக்கம் கடல் காத்துல வாட்ச் படுற பாட்டைச் சேர்த்துக்கிடுங்க. சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடான்னு வந்த வாட்ச் எல்லாம் இங்க பீரோவுக்குள்ள கெடக்கு. டயலை விட மொதல்ல போறது கேஸ். பித்தளை மேல குரோம் போட்ட கேஸ்ல உப்புக்காத்து முள்ளு முள்ளா அரிச்சிரும். வாரைப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பி துருப்பிடிச்சு ஓட்டைக்குள்ளயே ஒட்டிக்கிடும். கிளாஸ் உள்ள பனி பிடிச்சா அரிசிப் பானையில போடுதாங்க. அது சரியா?

ஜூன் 6, இரவு 9:00 | ரதவீதி

அரிசி வேண்டாம் காக்கா. ஈரத்தை மெதுவாத்தான் இழுக்கும், தவிட்டுத் தூசி கிரௌன் சந்துல ஏறும். பனி தெரிஞ்ச உடனே கிரௌனை வெளிய இழுத்து வச்சு, காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பையோட போடுங்க. பனி போயிட்டுன்னு அப்படியே விட்டுரக் கூடாது. உள்ள இருந்த ஈரம் இரும்புப் பாகத்துல துருவா உக்காந்திருக்கும். மறுநாளே மூடியத் திறக்கணும்.

உள்ள ஈரம் இருக்கான்னு சந்தேகம் வந்தா: கிளாஸ் மேல ஒரு ஐஸ் கட்டிய ஒரு நிமிஷம் வச்சுத் துடைங்க. கண்ணாடிக்கு அடிப்பக்கம் பனி படிஞ்சா ஈரம் இருக்கு. ஏசி ரூம்ல இருந்து வெயிலுக்குப் போகும்போது கிளாஸுக்கு வெளிப்பக்கம் படுற பனி வேற, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

ஜூன் 7, மாலை 4:15 | கொக்கிரகுளம்

கேட்டவர் சர்வீஸுக்குக் குடுக்கப் போறதா இருந்தா, குடுக்கும்போது இதையெல்லாம் சொல்லிக் குடுங்க. டயல் கெடுறது பெரும்பாலும் சர்வீஸ் மேசையிலதான்.

முள்ளைத் தூக்கும்போது டயல் மேல மெல்லிய பிளாஸ்டிக் தாளை நடுவுல கீறி விரிச்சு, அதுக்கு மேலதான் நெம்புகோல் வைக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே சீரா, ஜோடியா நெம்பணும். தாள் இல்லாம ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா நடுத் துளையைச் சுத்தி நகக்குறி மாதிரி பள்ளம் விழும். பழைய வாட்ச்ல பாதிக்கு மேல இந்தத் தழும்போடதான் வருது.

கிரௌன் தண்டை உருவுறதுல ஒரு பொறி இருக்கு. பழைய ஸ்விஸ் எந்திரங்கள்ல தண்டை விடுவிக்க ஒரு திருகு இருக்கும். அதை ஒண்ணரைச் சுத்து, கூடிப்போனா ரெண்டு சுத்துதான் தளத்தணும். வரலைன்னு முழுசாத் திருகி எடுத்துட்டா அடியில தண்டைப் பிடிச்சிருக்க செட்டிங் லீவர் கழண்டு விழுந்திரும். அப்புறம் முள், டயல் எல்லாத்தையும் கழட்டினாத்தான் அதைத் திரும்ப மாட்ட முடியும். சும்மா வாஷர் மாத்த வந்த வாட்ச் முழு வேலையாயிரும், டயலுக்கு இன்னொரு கண்டம்.

டயல் கால்களைப் பிடிக்கிற திருகு எந்திரத்தோட பக்கவாட்டுல ரெண்டு இருக்கும். அதைத் தளத்தாம டயலைத் தூக்கினா கால் ஒடியும். பிந்தி வந்த சீக்கோ பலதுல திருகு இருக்காது, கால் வெறும் பிடிமானத்துல நிக்கும். அங்க ஒரு பக்கம் மட்டும் தூக்காம ரெண்டு கால் பக்கமும் பைய மாறி மாறித் தூக்கணும். ஒரே பக்கம் தூக்கினா தகடு வளைஞ்சு வார்னிஷ் வெடிக்கும்.

கழட்டின டயலை எண்ணெய் பட்ட மேசையில வைக்கக் கூடாது. மூடி போட்ட சின்ன டப்பாவுல, முகம் மேல பாக்க, தனியா இருக்கணும். விரல் ரேகை பட்டா அந்த உப்பு வார்னிஷ்ல ரேகையாவே பழுக்கும்.

ஜூன் 7, மாலை 4:50 | கொக்கிரகுளம்

விட்டுப்போனது: நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துறது டயல் சமாச்சாரம் இல்லை, எண்ணெய் காஞ்சது. பெட்ரோல்ல முக்கி எடுத்துட்டு "சர்வீஸ்"னு தர்றதை ஒத்துக்காதீங்க. பிரிச்சுக் கழுவணும். பேலட் ஃபோர்க்குல (சக்கரத்தை விட்டு விட்டு ஓட விடுற சின்னக் கவை) இருக்க கல்லை ஒட்டியிருக்கது ஷெல்லாக்ங்கிற அரக்கு. ஸ்பிரிட்ல ஊற வச்சா கரைஞ்சு கல் நகந்திரும்.

ஆட்டோமேட்டிக்ல இன்னொரு இடம். வாட்சை ஓட்டுற மெயின் ஸ்பிரிங்கோட வெளி முனை, அது சுத்தியிருக்க டிரம்மோட சுவத்துல கொக்கி போட்டு நிக்காது. முழுசாச் சுத்தினதும் வழுக்கிக் குடுக்கணும், அப்பத்தான் ரோட்டர் (கை ஆட்டத்துல சுத்திச் சாவி ஏத்துற எடை) சுத்திக்கிட்டே இருந்தாலும் ஸ்பிரிங் அறாது. அந்தச் சுவத்துக்குப் பிடிப்பு உள்ள தனி கிரீஸ் வேணும். சாதா எண்ணெய் போட்டா சீக்கிரமே வழுக்கிரும், ராத்திரி கழட்டி வச்ச வாட்ச் காலையில நின்னிருக்கும். "ஆட்டோமேட்டிக் வேலை செய்யலை"ன்னு ரோட்டரைக் குறை சொல்லுவாங்க, தப்பு டிரம்முக்குள்ள இருக்கும்.

வேலை முடிஞ்சு ஓட்டத்தை அளக்குற மெஷின்ல பாக்கும்போது, டயல் மேல பாக்க வச்சு ஆம்ப்ளிட்யூட் (உள்ள ஆடுற சக்கரத்தோட வீச்சு) 220 டிகிரிக்கு மேல வந்தா அந்தக் காலத்துச் சீக்கோவுக்கு நல்ல ஆரோக்கியம்.

ஜூன் 9, இரவு 7:30 | பொதிகைக்காத்து

குறிச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டு மாமாகிட்ட எச்.எம்.டி காஞ்சன் ஒண்ணு இருக்கு, டயல் பளபளன்னு புதுசு. அது நல்லதுதானே?

ஜூன் 9, இரவு 9:15 | ரதவீதி

பளபளன்னு இருந்தாத்தான் கூடுதலா பயப்படணும். காஞ்சன் ஆட்டோமேட்டிக், 21 ஜுவல், கிழமையும் தேதியும் உண்டு. கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் குடுக்கிற வாட்ச்னு ஒரு காலத்துல பேர் எடுத்தது. எச்.எம்.டி 1961ல சிட்டிசனோட சேர்ந்து பெங்களூர்ல வாட்ச் பண்ண ஆரம்பிச்சது. வாட்ச் கம்பெனியை மூடுற முடிவு 2016ல வந்தது. அதுக்கப்புறம் எச்.எம்.டிக்குத் தேடல் கூடினதும், பழைய எந்திரத்துல புது டயல் அடிச்சு வாறது வெள்ளமாயிட்டு.

காஞ்சன்ல பாக்க வேண்டியது: கிழமைச் சக்கரம் இங்கிலீஷும் இந்தியும் இருக்கணும். டயல்ல 'பாராஷாக்' (அதிர்ச்சி தாங்கும்னு அர்த்தம்) மாதிரி சின்ன வார்த்தையோட எழுத்து இடைவெளி சீரா இருக்கணும். கம்பெனி போடாத ஆரஞ்சு, கிளிப்பச்சை எல்லாம் இருந்தா விட்டுருங்க. முள் பழசா மங்கி, டயல் மட்டும் புதுசா இருந்தா ரெண்டும் ஒண்ணா வயசாகலைன்னு அர்த்தம். முள், மணியைக் காட்டுற உலோகக் கட்டை, டயல் மூணும் சேர்ந்து மூப்படையணும்.

நம்ம நாட்டுல கூடுதலா டயல் அடிச்சுக் கெடுத்தது ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட்ங்கிற ஸ்விஸ் வாட்சுகளை. சீ கிங், சீ சீஃப், சோவார் பிரைமான்னு பேர் போட்டு வாறதுல பாதி இப்படி அடிச்சதுதான். வெளிநாட்டுக்காரங்க இதுக்கு 'பம்பாய் ஸ்பெஷல்'னே பேர் வச்சிருக்காங்க. ஃபேவர் லூபாவோட மணற்கடிகாரச் சின்னத்தை லென்ஸ்ல பாருங்க, ரெண்டு முக்கோணமும் கூரா சந்திக்கணும். அடிச்ச டயல்ல அது ரெண்டு மிளகு மாதிரி உருண்டிருக்கும். சீ கிங்கும் சீ சீஃப்பும் சாவி குடுக்கிற வாட்ச். அதுல 'ஆட்டோமேட்டிக்'னு எழுதியிருந்தா திறந்து பாக்கவே வேண்டாம்.

ஜூன் 10, காலை 7:00 | காயல்_அலை

ராடோ டயஸ்டாருக்கும் ஒரு வரி எழுதுங்க. இங்க வீட்டுக்கு ஒண்ணு கெடக்கு.

ஜூன் 10, இரவு 10:20 | ரதவீதி

1962ல வந்த மாடல். டங்ஸ்டன் கார்பைடு கேஸ், சஃபையர் கிளாஸ். அதனால வெளிய லேசுல கீறல் விழாது, வயசு மொத்தமும் டயல்ல மட்டும் தெரியும். 12 மணிக்குக் கீழே இருக்க நங்கூரம் அச்சு இல்லை, சின்னச் சிவப்புக் கல் மேல ஆடுற உலோகத் துண்டு. வாட்சைத் திருப்பினா நங்கூரம் தன் எடையில சுத்தி விழணும். ஆடாம நின்னா அதுக்குப் போட்ட எண்ணெய் காஞ்சிட்டு, உள்ள இருக்க எண்ணெயும் காஞ்சிருக்கும், சர்வீஸுக்கு நேரம். டயல் திரும்ப அடிச்சதுல நங்கூரம் பெயின்ட்ல ஒட்டிக்கிடக்கும், இல்லைன்னா வெறும் படமா வரைஞ்சிருப்பாங்க. கடையில நின்னுக்கிட்டே பாக்கலாம், அஞ்சு விநாடி வேலை.

ஜூன் 15, இரவு 8:40 | ரதவீதி

மூட்டம் போட்ட டயலைக் கண்டுபிடிக்கிறதை எழுதுதேன்னு சொல்லியிருந்தேன்.

டயலோட கடைசி ஓரம் ஒரு நூல் அளவு கேஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். வெயில் அங்க படாது. டயலைக் கழட்டினா, தானாப் பழுத்ததுல அந்த ஓரம் மட்டும் பழைய நிறத்துல மோதிரம் மாதிரி தெரியும். உள்ள கருப்பட்டி, ஓரத்துல கறுப்பு. டயலைத் தனியாக் கழட்டி வெயில்லயோ விளக்குலயோ வச்சவன் இந்த மோதிரத்தை மறந்துருவான். ஓரம் வரைக்கும் ஒரே நிறமா இருக்கும். மோதிரம் இல்லைன்னா காசு குடுக்காதீங்க.

ஜூன் 15, இரவு 9:10 | கொக்கிரகுளம்

ரேடியம் பத்தி எழுதாம இந்த இழை முடியக் கூடாது. நம்ம ஊர்ல இருட்டுல மின்னுற எல்லாத்துக்கும் ரேடியம்னுதான் பேரு, பைக் ஸ்டிக்கர் வரைக்கும். வாட்ச்ல அசல் ரேடியம் உண்டு. அறுபதுகள் வரைக்கும் வந்த ஸ்விஸ் வாட்ச் பலதுல முள்ளுலயும் நம்பர்லயும் தடவினது அதுதான். அதுக்கப்புறம் டிரிட்டியம், அதுவும் கதிர்வீச்சால மின்ன வைக்கிறதுதான். ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் 'டி' எழுத்து இருந்தா டிரிட்டியம்.

டிரிட்டியத்தோட அரை ஆயுள், அதாவது பாதியாக் குறையிற காலம், 12.3 வருஷம். 1970 வாட்ச்ல இப்போ பெருசா ஒண்ணும் மிச்சமில்லை, அதனால மின்னாது. ரேடியத்தோட அரை ஆயுள் 1600 வருஷம். மின்னலைன்னா அது செத்துட்டுன்னு நினைக்காதீங்க. செத்தது, மின்னுறதுக்காகக் கூடக் கலந்த துத்தநாக சல்ஃபைடு, ரேடியம் அப்படியே இருக்கு. பல வருஷம் ஓடாம கெடந்த வாட்ச்ல முள் நின்ன இடத்துல டயல் மேல முள்ளோட நிழல் மாதிரி பழுப்புச் சூடு விழுந்திருந்தா, அது ரேடியம்ங்கிறதுக்கு வலுவான அடையாளம்.

ஆபத்து தூசிதான். மூடியிருக்க வாட்சைக் கட்டுறதை விட, திறந்து சுரண்டுறதுல ஆயிரம் மடங்கு கவனம் வேணும். அந்தப் பசையை ஊசியால சுரண்டாதீங்க. சாப்பாட்டு மேசையில திறக்காதீங்க. பொடி உதிர்ந்திருந்தா ஈரத் தாளால ஒத்தி எடுத்துப் பையில கட்டிருங்க. மூடி போட்ட சின்ன ரூம்ல பத்து இருபது ரேடியம் வாட்சை அடுக்கி வச்சுத் தூங்காதீங்க. ரேடியம் சிதைஞ்சா ரேடான் வாயு வரும், காத்தோட்டம் வேணும்.

புதுசா மின்னுற பசை பூசினதான்னு பாக்க: புற ஊதா டார்ச்சை அஞ்சு விநாடி அடிச்சு அணைங்க. பழைய டிரிட்டியம் பசை லேசா ஒளிர்ந்து உடனே அணையும். ரொம்ப நேரம் பச்சையா நின்னு மின்னினா இந்தக் காலத்துப் பசை.

ஜூன் 16, காலை 6:15 | ரதவீதி

இதுல நான் ஒண்ணு சேர்க்கணும். டயல் தூசிக்கு ரப்பர் ஊதியால ஊதச் சொல்லிப் பலபேருக்குத் தனியாச் சொல்லியிருக்கேன். அது இந்த 6119 சீக்கோ மாதிரி ரேடியம் இல்லாத டயலுக்கு மட்டும். அறுபதுகள் வரைக்கும் வந்த ஸ்விஸ் டயலை ஊதவே ஊதாதீங்க, தூசி மூக்குக்குத்தான் வரும். சந்தேகம் இருந்தா ரேடியம்னே வச்சுக்கிட்டு வேலை பாருங்க.

மத்த டயலுக்கு ஊதினதும் போகாத துகளை வாட்ச்காரங்க வச்சிருக்க பச்சை, நீல பசை உருண்டையால ஒத்தி எடுக்கணும். தேய்க்கிறது கிடையாது. எலுமிச்சை, பல்பொடி, சோப்பு எதுவும் கிட்டவே வரக் கூடாது.

ஜூலை 2, இரவு 9:50 | ரதவீதி

ஜூன் 15ல எழுதின மோதிரக் கணக்கை மறுபடி யோசிச்சேன். அதை அப்படியே சட்டமா எடுத்துக்கிடாதீங்க. வெயிலால நிறம் மாறின டயலுக்குத்தான் அது பொருந்தும். வார்னிஷ் காத்துல பழுத்த வெள்ளி டயல்லயும், கந்தகம் பட்டு வெள்ளி கறுத்த டயல்லயும் காத்து ஓரம் வரைக்கும் போகும். மோதிரம் மங்கலா இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. ஈரத்தால கெட்டது இதுக்கு நேர் எதிர், ஓரத்துலயும் கிரௌன் பக்கமும் தொடங்கி உள்ள வரும். ஆக: கறுப்பு, நீலம் பழுப்பாகியிருந்தா மோதிரத்தைத் தேடுங்க. வெள்ளி மஞ்சளாகியிருந்தா மோதிரம் இல்லைங்கிறதுக்காகத் தள்ளாதீங்க. முள்ளும் எழுத்தும் கூடவே மூப்படைஞ்சிருக்கான்னு பாருங்க.

முள்ளுல இருக்க மின்னுற பசையும் டயல்ல இருக்க பசையும் அச்சா ஒரே நிறமா இருக்கணும்னு இல்லை. ரெண்டும் வேற கலவையில, வேற இடத்துல தடவினதா இருக்கலாம். அரை நிறம் வித்தியாசம் இயல்பு. ஒண்ணு தேன், ஒண்ணு சுண்ணாம்புன்னு இருந்தாத்தான் சந்தேகம்.

ஜூலை 11, மாலை 5:30 | பொதிகைக்காத்து

எங்க பக்கம் சாரல் விடாம அடிக்குது. பீரோவுல துணி எல்லாம் ஓதம் பிடிச்சுக் கெடக்கு. வாட்சை எங்க வைக்க?

ஜூலை 11, இரவு 8:45 | ரதவீதி

பீரோ வேண்டாம். அதுவும் பாச்சா உருண்டை போட்ட பீரோ வேண்டவே வேண்டாம். ரப்பர் பேண்ட் சுத்தி வைக்காதீங்க, அதுல இருக்க கந்தகம் வெள்ளி டயலைக் கறுக்க வைக்கும். செய்தித்தாள்ல பொதியிறதும் அப்படித்தான்.

சிலிக்கான் விளிம்பு உள்ள, காத்துப் புகாத டப்பா. பத்து வாட்ச் கொள்ளுற டப்பாவுக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல் பை 4. உள்ள சின்ன ஈரமானி ஒண்ணு போட்டு ஈரத்தை 40க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவுல வச்சுக்கிடுங்க. அதுக்குக் கீழ ரொம்பக் காய விடவும் வேண்டாம், பழைய வார்னிஷ் வெடிக்கும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்க, நீலம் வேண்டாம். நீலத்துல கோபால்ட் இருக்கு, உடம்புக்கு ஆகாது. ஜெல் நிறம் மாறினதும் 110, 120 டிகிரி சூட்டுல ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சா மறுபடி ஈரம் இழுக்கும். சமையல் சட்டியில வறுக்காதீங்க, அதுக்குன்னு ஒரு பழைய தட்டு ஒதுக்குங்க.

சாரல் காலத்துல தினம் கட்டுறதா இருந்தா ராத்திரி கழட்டினதும் காஞ்ச துணியால பின்மூடியத் துடைச்சிட்டு டப்பாவுல வைங்க. வேர்வை உப்பு மூடிச் சந்துல ஏறித்தான் வாஷரைத் தின்னுது.

ஜூலை 12, பகல் 12:30 | கொக்கிரகுளம்

வாஷர் பத்தி: பழைய சீக்கோ திறந்தா பின்மூடி வாஷர் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஊசியால குத்தி எடுத்தா கேஸ் கீறும், துணுக்கு எந்திரத்துக்குள்ள விழும். எந்திரத்தை வெளிய எடுத்துட்டு, மூங்கில் பல்குத்திக் குச்சியால வழிச்சு எடுக்கணும். புது வாஷர் உள்விட்டமும் தடிமனும் அளந்து போடணும். தடிச்சதைப் போட்டா மூடி இறுகாது, மெலிஞ்சதைப் போட்டா போடாத கணக்கு. சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியில ஒரு கடுகு அளவு போதும்.

இத்தனையும் செஞ்சாலும் 50 வருஷ வாட்சைத் தாமிரபரணியில முக்காதீங்க. மூடியில என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஆகஸ்ட் 4, இரவு 9:05 | பொதிகைக்காத்து

சர்வீஸ் முடிஞ்சு வாங்கிட்டேன். சீரியல் 0ல தொடங்குது, அடுத்த இலக்கம் 3, அப்போ மார்ச் 1970. மூடியில 'புரூஃப்'னு இருக்கு. டயல்ல சின்ன எழுத்து 6119னு தெளிவா நிக்குது. டயலைத் தொடாம முள் எடுத்து, வாஷர் ரெண்டும் மாத்தி, எண்ணெய் போட்டிருக்காங்க. ஆம்ப்ளிட்யூட் 234, நாளைக்கு 8 விநாடி முந்துது. புள்ளி மூணும் அப்படியே இருக்கு. அது வளராம இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட?

ஆகஸ்ட் 4, இரவு 9:50 | ரதவீதி

நாள் முழுக்கக் கட்டிட்டு ராத்திரி வச்சா காலை வரைக்கும் நிக்காம ஓடுதான்னு ஒரு வாரம் பாருங்க, டிரம் கிரீஸ் சரியாப் போட்டாங்களான்னு அது காட்டிக்குடுக்கும்.

புள்ளிக்கு: ஜன்னல் வெளிச்சத்துல, விளக்கு இல்லாம, ஒரே தூரத்துல இருந்து இப்போ ஒரு படம் எடுத்து வைங்க. பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும், நிறத்தை ஒப்பிட அதுதான் அளவு. ஐப்பசி மழை ஓஞ்சதும் அதே இடத்துல இன்னொரு படம். புள்ளியோட ஓரம் பக்கத்துல இருக்க நிமிஷக் கோட்டைத் தொட்டிருந்தா ஈரம் இன்னும் போகுதுன்னு அர்த்தம். கிரௌனையே மாத்தணும், வாஷர் மட்டும் போதாது. தொடலைன்னா அது 1970ல இருந்து வந்த மச்சம், இருந்துட்டுப் போகட்டும். சர்வீஸ் தேதியப் பின்மூடி உள்பக்கம் கீற விடாதீங்க, தாள்ல எழுதி டப்பாவுல போட்டு வைங்க.